சுருளிராஜன் வீட்டுப் பொங்கல் தேதி

கூடலூரில் எல்லா வீட்டுக்கும் பொங்கல் தை ஒன்றாம் தேதி. மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது தெருவில், பச்சைக் கேட் போட்ட வீட்டுக்கு மட்டும் அது தை ஐந்தில் வரும், இல்லாவிட்டால் தை இருபதில் வரும். ஒரு வருஷம் மாசி இரண்டாம் தேதி வந்தது. ஊரே கரும்புச் சக்கையைப் பெருக்கித் தள்ளிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போயிருக்கும். அந்த நேரத்தில் அந்த வீட்டு வாசலில் மூன்று செங்கல் கூட்டி, புதுப்பானையில் பால் ஊற்றி, புருஷனும் பெண்டாட்டியும் மகளும் அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். தெருவில் போகிறவர்கள் முதல் இரண்டு வருஷம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள். அதற்கும் அப்புறம், தங்கள் வீட்டுக்கு எப்போது தூக்குவாளி வரும் என்று காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

தூக்குவாளியில் பொங்கலை நிரப்பி மூடி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது ஹேமாவதியின் வேலை. தேதியைத் தீர்மானிப்பது அவள் புருஷன் சுருளிராஜனின் வேலை. சரியாகச் சொன்னால் அவருடைய வேலைதான் தேதியைத் தீர்மானித்தது. அவர் ஹெலிகாப்டர் பைலட்.

கூடலூர்க்காரன் ஹெலிகாப்டர் ஓட்டப் போனதில் பெரிய லட்சியக் கதை ஒன்றும் கிடையாது. அப்பா முத்துராமலிங்கத்துக்குக் குமுளி மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம். மூத்தவன் கர்ணன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டான். இளையவன் சுருளிராஜன் பத்து வயதில் சைனிக் பள்ளிப் பரீட்சை எழுதித் தேறிவிட்டான். சாப்பாடு, துணிமணி, படிப்பு எல்லாம் அங்கேயே என்று கேள்விப்பட்டதும் முத்துராமலிங்கம் வேறு எதையும் விசாரிக்கவில்லை. டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறிய பையன் அதற்கப்புறம் லீவுக்கு மட்டும்தான் ஊருக்கு வந்தான். அங்கிருந்து ராணுவக் கல்லூரி, பிறகு விமானப்படை. பெரிய விமானத்துக்கு எடுக்காமல் ஹெலிகாப்டருக்கு எடுத்தார்கள். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்ததா என்று ஹேமாவதி ஒருமுறை கேட்டதற்கு, "பெரிய விமானத்துக்கு ஓடுதளம் வேணும். இது வீட்டுக் கொல்லையிலகூட எறங்கும்" என்றார். ஆனால் வீட்டுக் கொல்லையில் இறங்க அவருக்கு லீவு கிடைத்தால்தானே?

கல்யாணம் ஆனது ஒரு ஆவணியில். ஹேமாவதிக்கு ஊர் கெங்குவார்பட்டி. அங்கே அவள் அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம், பட்டு வேட்டி, கறி விருந்து என்று வீடே தடபுடலாக இருந்தது. மாப்பிள்ளையோ லடாக்கில் இருந்தார். பனிக்கு மேலே இருக்கிற முகாம்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோகிற வேலை. லீவு கிடைக்கவில்லை. தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளை இல்லாமல் பொண்ணு மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சேலை கட்டி, தனியாக இலையில் உட்கார்ந்தாள். சித்திமார், பெரியம்மாமார் எல்லாரும் அவளுக்கு ஒரு கரண்டி கூடுதலாகக் கறி வைத்தார்கள். அந்தக் கூடுதல் கரண்டியை ஹேமாவதி சாகும்வரை மறக்க மாட்டாள். பரிதாபத்துக்கு விழுந்த கறி தொண்டையில் இறங்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

நாற்பது நாள் கழித்து மாப்பிள்ளை மார்கழிக் குளிரில் வந்து இறங்கினார். பொண்ணு முகம் கொடுத்துப் பேசவில்லை. காபி வந்தது, பேச்சு வரவில்லை. சுருளிராஜன் கொஞ்ச நேரம் பார்த்தார். மாமனாரின் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு பெரியகுளம் போனார். ஏதோ ஒரு கடைக்காரர் மிச்சத்துக்குப் போட்டு வைத்திருந்த வெடியை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தார். மறுநாள் விடியற்காலை கெங்குவார்பட்டித் தெருவில், ஊரெல்லாம் மார்கழிக் கோலம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஆயிரம்வாலாவைப் பிரித்துப் போட்டுக் கொளுத்தினார். கோலம் போட்ட பெண்கள் மாவை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். மாமனார் வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்து, "என்ன மாப்ள இது? எதுக்கு வெடி?" என்றார்.

"இன்னிக்குத் தீபாவளி மாமா. நான் வந்த நாள்தேன் எங்களுக்குத் தீபாவளி" என்றார் மாப்பிள்ளை. "எண்ணெயக் காயவைக்கச் சொல்லுங்க. அந்த மோதிரம் எங்க?"

மாமனார் தலையில் அடித்துக்கொண்டே போய் மோதிரத்தை எடுத்து வந்தார். ஹேமாவதி கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். அன்றைக்கு அவள் இலையில் விழுந்த கறியை அவள் முழுக்கத் தின்றாள்.

அந்த வீட்டின் சட்டம் அப்படி உண்டானதுதான். அவர் இல்லாத நாளில் பண்டிகை இல்லை, அவர் வந்த நாளில் பண்டிகை. விமானப்படைக் குடியிருப்புகளில் இருபது வருஷம் இப்படி ஓடியது. ஜோர்ஹாட்டில் ஒரு பொங்கல், பட்டிண்டாவில் ஒரு கார்த்திகை. அங்கெல்லாம் அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு ஊர்க்காரர்கள். எந்தப் பண்டிகை எந்தத் தேதி என்று யாருக்கும் தெரியாது என்பதால் யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்க ஆள் இருந்தது கூடலூரில்தான்.

நாற்பத்திரண்டு வயதில் பென்ஷனோடு படையிலிருந்து வெளியே வந்தார். மும்பையில் ஒரு ஹெலிகாப்டர் கம்பெனியில் சேர்ந்தார். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற மேடைகளுக்கு வேலையாட்களைக் கொண்டுபோய் இறக்கி, வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற உத்தியோகம். இருபத்தெட்டு நாள் வேலை, இருபத்தெட்டு நாள் வீடு. பண்டிகை லீவுக்கு மற்றவர்கள் முந்திக்கொள்வதால், ஊர்ப் பண்டிகை எப்படியோ அவர் வேலை நாளிலேயே போய் விழும். சொந்த ஊரில் பச்சைக் கேட் வைத்து வீடு கட்டிக் குடிவந்தார்கள்.

முதல் முறை அவர் இருபத்தெட்டு நாள் லுங்கியோடு தெருவில் நடமாடியபோது ஊர் பொறுத்துக்கொண்டது. இரண்டாம் முறையும் அப்படியே நடமாடியபோது டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு கட்சி. சம்பளம் இல்லாத லீவு, விசாரணை நடக்கிறது என்று இன்னொரு கட்சி. அண்ணன் கர்ணன் காதுக்கு அது போய், அவர் தம்பியைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், பந்தலுக்குக் கீழே நிறுத்தி, "ஏலே, எதையாச்சும் ஒடச்சுட்டியா? உண்மையச் சொல்லு, எங்கிட்ட என்ன?" என்று கேட்டார். பாதி வருஷம் வீட்டில் உட்கார வைத்துச் சம்பளம் தருகிற கம்பெனி எந்த ஊரிலும் இருக்க முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

கடைசியில் ஊருக்கு அதை விளக்கியது ஜீப் டிரைவர் வினோத்ராஜ்தான். அவர் தினமும் விடியற்காலையில் கூடலூர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறி, ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருகிறவர். சுருளிராஜன் சொன்னதை டீக்கடையில் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப வேலைக்குப் போறவகள ஏத்திட்டுப் போயி எறக்கி, வேல முடிஞ்சவகளக் கூட்டியாறீக. நம்ம ஜீப்பு சோலிதேன?" என்றார்.

"அதேதேன் வினோத்து. உனக்குக் குமுளி, எனக்குக் கடலு."

"படியில தொங்குவாகளா?"

"தொங்க விடமாட்டேன்."

"அது ஒண்ணுதேன் வித்தியாசம்" என்றார் வினோத்ராஜ். அன்றோடு சந்தேகம் தீர்ந்தது. ஆனால் மரியாதையும் ஒரு படி இறங்கிவிட்டது. ஜீப்பு ஓட்டுகிற மாதிரிதானே என்று ஆனபின், கோயில் கும்பாபிஷேகத்துக்கு மேலேயிருந்து பூப் போட உங்கள் ஹெலிகாப்டரை எடுத்துவர முடியுமா என்று கமிட்டியிலிருந்து வந்து கேட்டார்கள். கம்பெனி வண்டியைக் கேட்காமல் எடுத்தால் வேலை போய்விடும் என்றார். அதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஜீப் விஷயத்திலும் அதுதான் நியாயம்.

வேலையைப் பற்றி அவர் வீட்டில் பேசியது குறைவு. பதினொரு வருஷத்தில் ஹேமாவதிக்குத் தெரிய வந்தது இவ்வளவுதான். கடல் மேடையில் இறங்குகிற இடம் ஒரு கல்யாண மண்டப மேடை அளவுதான் இருக்கும். காற்றுதான் முக்கியம். மூன்று முறை காற்று சரியில்லாமல், ஆட்களோடு மேடை வரை போய், இறங்காமலே திரும்பியிருக்கிறார். அந்த மூன்றையும்தான் பெருமையாகச் சொல்வார். இறங்கிய ஆயிரக்கணக்கான தடவைகளைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை.

காற்றைப் பார்க்கிற அந்தப் புத்தி வீட்டு அடுப்படி வரை வந்தது. பொங்கல் வைக்கும்போது ஒரு பிடி சாம்பலை எடுத்து மேலே தூவி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். காற்று வருகிற பக்கம் தகரம் வைத்து மறைப்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. பானையை அடுப்பில் ஏற்றியபின் குனிந்து பார்த்து, மேற்குப் பக்கச் செங்கல்லின் மேல் ஒரு ஓட்டுச்சில்லை வைத்து, பானையைக் கிழக்கே ஒரு நூல் சாய்ப்பார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தால் அந்த வருஷம் நல்லது என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லார் வீட்டிலும் அது சாமி விட்ட வழி. சுருளிராஜன் வீட்டில் மட்டும் வருஷம் தவறாமல் கிழக்கேதான் பொங்கியது.

எதிர்வீட்டுச் சுப்புத்தாய் அதை முதல் தடவை பார்த்தபோது மோவாயில் கை வைத்துக்கொண்டாள். சுப்புத்தாய்க்கு அவரைவிட ஏழெட்டு வயது கூட. தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவளுக்குத் தெரியும். "இது சாமியவே ஏமாத்துற வேலையில்ல, தம்பி?" என்றாள்.

"சாமிக்கும் தெரியும்க்கா. நாங்க ரெண்டு பேரும் கண்டுக்கிறதில்ல."

"நல்லா இருக்கு ஒங்க ஞாயம்" என்று சொல்லிக்கொண்டே, அவள் தன் வீட்டுத் தூக்குவாளியை நீட்டினாள்.

ஒவ்வொரு வருஷமும் தீபாவளி முடிந்த கையோடு சுருளிராஜன் அடுத்த வருஷத்துக்கான சார்ட் ஒன்றைப் போடுவார். வீட்டில் இருக்கிற நாளுக்குப் பச்சை, மும்பையில் இருக்கிற நாளுக்கு வெள்ளை. அதை நகல் எடுத்து பிளாஸ்டிக் உறை போடுவார். ஒன்று வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டுவதற்கு. ஒன்று மகள் மகாலட்சுமிக்கு. ஒன்று பால்கார குருசாமிக்கு, பச்சை நாளில் ஒரு லிட்டர், வெள்ளை நாளில் அரை லிட்டர் என்று கணக்கு. நாலாவதைச் சுப்புத்தாய் சண்டை போட்டு வாங்கினாள். "எங்களுக்கும் ஒண்ணு குடுங்க தம்பி. ஒங்க வீட்டுப் பொங்கல் என்னிக்குன்னு தெரியாம, நாங்க என்னிக்கு வயித்தக் காயப்போடுறது?" என்பது அவள் வாதம்.

எல்லாரும் இந்தச் சட்டத்துக்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள் என்று சொன்னால் அது பொய். மகாலட்சுமிக்குப் பதின்மூன்று வயதில் ஒரு தீபாவளியன்று பெரிய சண்டை நடந்தது. தெருவே வெடித்துக்கொண்டிருக்க, அவள் பழைய பாவாடையோடு கேட்டுக்குள் நின்றாள். அப்பாவுக்குப் போன் போட்டு, "ஊரே வெடி போடுது, நம்ம வீடு மட்டும் எழவு வீடு மாதிரி கெடக்கு. எனக்கு எதுக்கு ஒங்க டூட்டி?" என்று கத்தினாள். அடுத்த வருஷத்திலிருந்து புதுத்துணி, மத்தாப்பு ஊரோடு. பானையும் பலகாரமும் மட்டும் அவர் வரும் நாளில் என்று சட்டம் திருத்தப்பட்டது. ஹேமாவதிக்கு மட்டும் திருத்தம் கிடையாது. ஊர் கொண்டாடுகிற நாளில் அவள் சாதாரணச் சேலை கட்டி, சாதாரணக் குழம்பு வைத்தாள். அன்றைக்கு எந்த வீட்டுக்கும் போக மாட்டாள். ஒரு கரண்டி கூடுதலாக யாரும் தனக்கு வைத்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தை ஒன்றாம் தேதி காலையில் மும்பையிலிருந்து போன் வரும். அவளுக்கு அல்ல, எதிர்வீட்டுக்கு. "அக்கா, பால் பொங்குச்சா?" என்று கேட்பார். சுப்புத்தாய் எந்தப் பக்கம் பொங்கியது என்று சொல்வாள். வடக்கே பொங்கியிருந்தால், "சில்லு வைங்கக்கா" என்பார். "போங்க தம்பி, நாங்க சாமியோட வெளையாட மாட்டோம்" என்று அவள் போனை வைத்துவிடுவாள்.

போன தீபாவளி அதிசயமாக அவர் பச்சை நாளில், ஊர்த் தேதியிலேயே வந்தது. வினோத்ராஜ் தெருவில் நின்று, "பைலட்டு வீடும் ஊரோட சேந்துருச்சுடோய்" என்று அறிவித்தார். சுருளிராஜன் கேட்டுக்கு வெளியே வெடியை வைத்துவிட்டு, மகளோடு சேர்ந்து ஓடி வந்தார். ஐம்பத்து மூன்று வயது. வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. அடுத்த வாரம் சார்ட்டுகளைப் போட்டு, பிளாஸ்டிக் உறை மாட்டி, நாலு இடத்திலும் கொடுத்தார். பொங்கலுக்குத் தை பதிமூன்று, செவ்வாய்க்கிழமை என்று குறித்திருந்தது. ஐப்பசி பதினேழாம் தேதி மதுரை போய் விமானம் ஏறினார்.

கார்த்திகை மூன்றாம் தேதி காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆறு மணிப் பயணத்துக்கு அவர் வரவில்லை என்று போய்ப் பார்த்திருக்கிறார்கள். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் டாக்டர் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தார். வானத்தில் முப்பது வருஷம் ஒன்றும் ஆகாத மனுஷன் கட்டிலில் போய்ச் சேர்ந்தார். மறுநாள் மத்தியானம் பெட்டியில் வீட்டுக்கு வந்தார். சார்ட்டில் வெள்ளையாக இருந்த நாளில் அவர் வீட்டுக்கு வந்தது அந்த ஒரு தடவைதான்.

கூட வேலை பார்த்த நாலு பேர் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார்கள். வினோத்ராஜ் தன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களை ஏற்றாமல், சுடுகாட்டுக்கு விறகு ஏற்றினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். மகாலட்சுமி கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு இருந்தாள். ஒரு மாதம் வீட்டில் இருந்து பார்த்துவிட்டு, "நீ எங்கூட வந்துரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஹேமாவதி பார்க்கலாம் என்றாள். குருசாமியிடம், இனிமேல் எந்நாளும் அரை லிட்டர் போதும் என்று சொன்னாள். ஃபிரிட்ஜில் ஒட்டிய சார்ட்டை மட்டும் எடுக்கவில்லை.

அவளுக்குத் தை பதிமூன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது. அவர் கையால் குறித்த கடைசித் தேதி அது. அந்த நாள் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமையாகக் கழிந்து போய்விடக் கூடாது. அன்றைக்கு ஒரு பானை ஏற்றலாமா என்று கர்ணனிடம் வாய்விட்டே கேட்டுவிட்டாள். கர்ணன் நல்ல மனுஷன்தான். ஆனால் சாவு விழுந்த வீட்டிலும் பங்காளி வீட்டிலும் ஒரு வருஷம் பண்டிகைப் பானை ஏறக்கூடாது என்பது அவர் இஷ்டத்தில் இருக்கிற விஷயம் இல்லை. "ஏத்தா, எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஊரு என்ன சொல்லும்?" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்ததால் அவள் மேலே பேசவில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் பண்டிகையன்று தங்கள் வீட்டில் செய்ததைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். துக்க வீடு வாங்கிக்கொள்ளலாம், வைக்கத்தான் கூடாது. இது தெருவில் எல்லாருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் நாலாவது வீட்டில் ஒரு சாவு நடந்தபோது, தீபாவளிக்கு அந்த வீட்டில் முறுக்கும் அதிரசமும் வைக்க இடமில்லாமல் போயிற்று. ஹேமாவதியும்தான் கொடுத்தாள், தன் வீட்டுத் தீபாவளி வந்த நாளில்.

தை ஒன்றாம் தேதி விடிந்தது. தெருவில் அடுப்புப் புகை, குலவைச் சத்தம், குழந்தைகளின் கூச்சல். ஹேமாவதி மூன்று பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்து வைத்தாள். யாராவது கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ள வேண்டுமே. வருவார்கள் என்று தான் எதிர்பார்ப்பதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. பத்து மணி ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சுப்புத்தாய் கையில் தூக்குவாளியோடு தன் வீட்டு வாசலில் வந்து நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவள் பச்சைக் கேட்டைப் பார்த்தாள், கொஞ்சம் நின்றாள், பிறகு திரும்பி உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் வரை கேட் திறக்கவில்லை.

ஹேமாவதிக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. நியாயம்தானே என்று தோன்றியது. பதினொரு வருஷம் ஊர் கொண்டாடிய நாளில் எல்லாம் இவள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவள். ஊரோடு சேராமல் ஒரு மனுஷனின் நாளோடு சேர்ந்து வாழ்ந்தாயிற்று. அந்த மனுஷன் போனபின் ஊரும் இல்லை, நாளும் இல்லை. மகளுக்குப் போன் போட்டு, "தை முடியவும் வந்துர்றேன். வீட்ட வாடகைக்கு விட ஆள் பாக்கச் சொல்லி ஒங்க பெரியப்பாகிட்ட நீயே சொல்லிரு" என்றாள். கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து அலமாரியில் வைத்தாள். அடுத்த பத்து நாளில் அட்டைப்பெட்டிகள் வந்தன. அவருடைய சட்டைகளை மடித்து ஒரு பெட்டியில் வைத்து நூலால் கட்டினாள்.

தை பதிமூன்று செவ்வாய்க்கிழமை காலையில் குருசாமி பால் ஊற்றினார். அரை லிட்டர் ஊற்றியபின் கை நிற்கவில்லை.

"போதும், போதும். அரை லிட்டர்தேன சொன்னேன்?" என்றாள்.

குருசாமி பாத்திரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சார்ட்டப் பாத்து ஊத்திப்புட்டேன்க்கா. இன்னிக்குப் பச்சை" என்றார். திரும்ப எடுக்கட்டுமா என்று கேட்காமல் வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

ஒரு லிட்டர் பாலோடு ஹேமாவதி அடுக்களையில் நின்றாள். ஒரு ஆளுக்கு ஒரு லிட்டர் பாலை என்ன செய்வது? இரண்டு மாதமாக யார் முன்னாலும் அழாதவள் அந்தப் பால் முன்னால் அழுதாள்.

பதினொரு மணி சுமாருக்குக் கேட் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். சுப்புத்தாய் நின்றாள். குளித்து, ஈரத்தலையோடு, கையில் தூக்குவாளி. அவளுக்குப் பின்னால் வினோத்ராஜின் பெண்டாட்டி மாரீஸ்வரி, நாலாவது வீட்டுப் பூமாரி, இன்னும் மூன்று பேர். எல்லார் கையிலும் தூக்குவாளி. மூடியிடுக்கில் ஆவி வந்துகொண்டிருந்தது.

ஹேமாவதிக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன மதினி இதெல்லாம்?" என்றாள்.

"என்னவா? பொங்கல்" என்றாள் சுப்புத்தாய். "இன்னிக்குத்தேன ஒங்க வீட்டுக்கு?"

"நீங்க அன்னிக்கே வச்சுட்டீகளே..."

"அது எங்க பொங்கல். ஒங்க வீட்டுல என்னிக்குத் தை ஒண்ணாந் தேதி பொங்குச்சு? நானும் அன்னிக்குத் தூக்குவாளிய எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தேன் ஆத்தா. கால் நவுரல. தம்பி இருந்தா, என்னக்கா தேதி தெரியாம வந்துட்டீகன்னு கேலி பண்ணுவாகளேன்னு திரும்பிட்டேன். பெறகு எல்லாரும் பேசித்தேன் இன்னிக்கு வச்சோம். ஆறு வீட்டுலயும் புதுப்பானை. ஒங்க வீட்டுக்கு முன்னாடி குலவை போடக்கூடாதுன்னு சத்தமில்லாம கொல்லையில வச்சோம்."

ஹேமாவதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். சுப்புத்தாயின் பார்வை அவளைத் தாண்டி உள்ளே போய், கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளில் நின்றது.

"கர்ணன் அண்ணன் இந்த வீட்டுக்கு ஆள் தேடுறாகன்னு கேள்விப்பட்டேன்" என்றாள். "சார்ட்டுல தீபாவளியும் பாத்து வச்சிருக்கேன். இந்தத் தடவையும் பச்சையிலதேன் வருது. நீ பாட்டுக்குக் கோயம்புத்தூரு போயிட்டா நாங்க பலகாரத்த யாருகிட்டக் குடுக்குறது?"

மாரீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹேமாவதி கதவை அகலத் திறந்து வழிவிட்டாள். தூக்குவாளிகள் உள்ளே வந்து சமையல் மேடையில், அந்த ஒரு லிட்டர் பாலுக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தன. அலமாரியில் வைத்த பாத்திரங்களை அவள் திரும்ப எடுத்தாள். மூன்று போதவில்லை. நூலை அறுத்து, பாத்திரம் கட்டிய பெட்டியைப் பிரிக்க வேண்டியதாயிற்று. பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல், அவர் வருஷா வருஷம் போனில் கேட்ட கேள்வியை அவள் கேட்டாள்.

"பால் பொங்குச்சா மதினி?"

"பொங்குச்சு ஆத்தா" என்றாள் சுப்புத்தாய். "கெழக்காலதேன். மேக்குப் பக்கம் சில்லு வச்சேன்."